ஊர்க்கதையை ஒலியிலும் ஒளியிலும் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் ஐந்து பேர் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறோம். பழைய கட்டடத்தின் சுவரிலோ வெள்ளைத் துணியிலோ படம் விழும். சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களில் பேச்சும் சத்தமும் வரும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இடத்தின் கதை ஒன்று நடக்கும். ஆசிரியர்கள், விழாக் கமிட்டிக்காரர்கள், ஏற்காட்டில் விடுதி நடத்துகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் போனில் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டோம். இதைப் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கூப்பிடலாம். விலை மட்டும் போனில் கேட்காதீர்கள், காரணம் கீழே இருக்கிறது.

இது மதுரை மகாலில் நடக்கிற ஒலி-ஒளிக் காட்சி மாதிரியா?

அதற்குத் தம்பி முறை என்று சொல்லலாம். பிரான்சில் ஷாம்போர் அரண்மனையில் 1952-ல் பால் ராபர்ட் ஹூடான் என்பவர் தொடங்கி வைத்த முறை அது. இருட்டில் கட்டடம், நிறம் மாறும் விளக்குகள், பதிவு செய்த குரல். திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதை சொல்வதும் அந்த வழியில்தான். அங்கே வெளிச்சம் தூணைக் காட்டும். நாங்கள் செய்வதில் அந்தத் தூணின் மேலேயே படம் விழும். அங்கே சத்தம் பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். இங்கே மாடு உங்கள் முதுகுக்குப் பின்னால் மணியாட்டிக்கொண்டு போகும்.

முற்றிலும் புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல்பாவைக்கூத்தில் வெள்ளைத் துணி, பின்னால் எண்ணெய் விளக்கு, பக்கத்தில் பாட்டு. இதில் இல்லாத எதை நாங்கள் புதிதாகக் கொண்டுவந்துவிட்டோம்? 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினாரே, அவர் தூக்கிச் சுமந்ததும் இதே பெட்டிதான்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஆடித் திருவிழாவில் குகை மாரியம்மன் கோவில் வண்டி வேடிக்கை. ஆட்கள் சாமி வேஷம் கட்டி, புராணக் காட்சி ஒன்றை அப்படியே வண்டி மேல் நிறுத்தி, சீரியல் லைட் மின்ன ஊர்வலமாக வருவார்கள். பார்க்கிறவன் தெருவிலேயே நிற்கிறான், கதை அவனைக் கடந்து போகிறது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்ததுதான் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த முதல் பாடம். அப்பா மைக்செட் வைத்திருந்தார். அவருக்கு வண்டியைப் பார்க்க நேரம் இருக்காது, ஆம்ப்ளிஃபையர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

சேலத்தில் சொல்வதற்கு அப்படி என்ன கதை இருக்கிறது?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் கேட்டால் பரவாயில்லை. உள்ளூர்க்காரர்கள் கேட்கும்போதுதான் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஏற்காடு ரோட்டில் ஒரு தோரண வாயில் தனியாக நிற்கிறது, பின்னால் வீடுகள். டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938-ல் இங்கே தயாரானது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. சுந்தரம் இங்கிலாந்தில் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். நெசவு ஊரில் பிறந்தவர் வேறு என்ன படிப்பார்? மேட்டூர் பக்கம் போனால், 1934-ல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீரிலிருந்து தலை நீட்டும். எந்த புரொஜெக்டராலும் அப்படி ஒரு காட்சியைக் காட்ட முடியாது.

செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், அம்மாபேட்டையில் தறி வீடுகள், சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் வெட்டியவர்கள், மேலே சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள், அப்புறம் காபி. கதைக்குப் பஞ்சமில்லை. எதை விடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும்.

படம்தானே முக்கியம்? ஒலிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்?

படத்தில் பொய் சொன்னால் சமாளிக்கலாம். சத்தத்தில் பொய் சொன்னால் அந்த ஊர்க்காரன் அரை நொடியில் பிடித்துவிடுவான்.

மலை கிராமம் ஒன்றில் எங்கள் இரண்டாவது காட்சி. பழைய காலத்து மழைக்காலம் என்று ஒரு பகுதி. இணையத்திலிருந்து இறக்கிய மழைச் சத்தத்தை எட்டு ஸ்பீக்கரிலும் விட்டோம். எங்களுக்கே புல்லரித்தது. முடிந்ததும் ஓர் ஆயா வந்து, "தம்பி, அது தகரக் கூரை மழை. அப்போ எங்களுக்குப் புல்லுக் கூரை. பேஞ்சா சத்தமே கேக்காது. வாசம்தான் வரும், அப்புறம் தாவாரத்துல சொட்டும்" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு போய்விட்டார். அன்று ராத்திரியே அந்தப் பகுதியைத் தூக்கினோம். இப்போது அந்த இடத்தில் மழை கேட்காது. நாய் ஒன்று வீட்டுக்குள் ஓடிவந்து உடம்பை உதறும், பிறகு தாவாரத்துச் சொட்டு, ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும். படமும் இல்லை, சுவர் இருட்டாகவே இருக்கும். மலைக்காரர்கள் அந்த இடத்தில் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் பழக்கம் இது: முதலில் முழுக் காட்சியையும் ஒலியில் மட்டும் முடிப்போம். கண்ணை மூடிக் கேட்டால் கதை புரிய வேண்டும். அதன் பிறகுதான் எந்த இடத்துக்குப் படம் தேவை என்று பார்ப்போம். பாதி இடங்களுக்குத் தேவைப்படாது.

தறிச் சத்தத்தை எப்படிப் பதிவு செய்தீர்கள்? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

குழித்தறி ஒன்றில் மூன்று மைக். ஒன்று குழிக்குள், மிதிக்குப் பக்கத்தில். இரண்டு மைக் அச்சுக்கு (நூலை அடித்து நெருக்கும் சட்டம்) இடமும் வலமும். மிதியை அழுத்தும்போது மரம் முனகும், நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும், அச்சு வந்து அந்தக் குறுக்கு நூலான ஊடையை அடிக்கும். மிதியும் இடமும் வலமும் தனித்தனி மைக்கில் இருந்தால்தான், காட்சியில் பார்வையாளரைத் தறிக்குள்ளேயே உட்கார வைக்க முடியும்: மிதி கீழே, நாடா இடமிருந்து வலம், வலமிருந்து இடம்.

காலை ஆறு மணிக்குப் போனோம், எட்டு மணிக்கு மேல் பக்கத்து விசைத்தறி ஓட ஆரம்பித்துவிடும் என்பதால். விசைத்தறி கிளம்பினால் அந்தத் தெருவில் கைத்தறிச் சத்தம் மைக்குக்கு எட்டாது. இதுவே ஒரு வரலாறுதான், அதையும் காட்சியில் வைத்திருக்கிறோம்: கைத்தறி ஒன்று தொடங்கும், இன்னொன்று சேரும், பிறகு சுற்றிலும் விசைத்தறி எழுந்து எல்லாவற்றையும் மூடும். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. பதிவின் நடுவே பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஓர் இழை அறுந்தது. நெசவாளர் நிறுத்தி, குனிந்து, இழையைத் தேடி முடிச்சுப் போட்டார். ஏழெட்டு நொடி அமைதி. உள்ளே சமையலறையிலிருந்து அவர் மனைவி, "என்னங்க, அறுந்துடுச்சா?" என்று குரல் கொடுத்தார். சத்தம் நின்றால் வீடே தலை தூக்கிப் பார்க்கும். அந்தக் கேள்வியை அவர் அனுமதியோடு அப்படியே வைத்திருக்கிறோம்.

எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்?

ஐம்பது பேருக்கு நான்கு போதும், ஆளைச் சுற்றி நான்கு மூலையில். ஆறு, எட்டு என்றால் சத்தம் நகர்வது வழவழவென்று இருக்கும். பெரிய பாக்ஸ் இரண்டை முன்னால் வைப்பதைவிடச் சின்னச் சின்னதாகப் பலவற்றை ஆட்களுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று முன்னால் ஏற்றினால் முன்வரிசைக் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும்.

கட்சிக் கூட்டத்தில் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், ஆனால் பேசுவது ஒன்றும் புரியாது, கவனித்திருக்கிறீர்களா? ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடைக்கு 34 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயில் மின்சாரம் உடனே வந்துவிடுகிறது. மேடைப் பெட்டியின் சத்தமோ பத்தில் ஒரு நொடி கழித்து வந்து சேர்கிறது. அதனால் ஒரே சொல் இரண்டு தடவை விழுகிறது. பின்னால் உள்ள ஸ்பீக்கரைக் கணக்குப் போட்டு அந்த அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். அதற்கு மேல் இன்னும் பத்து, பதினைந்து மில்லிநொடி சேர்த்துத் தாமதித்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: சத்தம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும் காது அதை முன்னாலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். எது முதலில் வந்ததோ அந்தத் திசையைத்தான் காது நம்பும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் இதை ஆராய்ந்து எழுதினார். அப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் கோவில் கச்சேரிக்குப் பின்குழாயை எப்போதும் சத்தம் குறைத்து, சற்றுத் திருப்பிக் கட்டுவார். "ரெண்டு வாய் பேசக் கூடாதுடா" என்பார்.

ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்துவிட்டால் சுலபமாயிற்றே?

சுலபம்தான், அழகாகவும் இருக்கும். இரண்டு காதுக்கும் இடையே ஒலி வந்து சேரும் நேரத்தில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. ஹெட்போனில் அந்த வித்தியாசத்தைத் துல்லியமாக ஊட்டலாம், யாரோ காதோரம் கிசுகிசுப்பது போலவே இருக்கும். அருங்காட்சியகத்துக்குச் சரி. ஊர்க் கூட்டத்துக்கு எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பது கேட்க வேண்டும். "அது எங்க மாமன் குரலுடி" என்று யாராவது கத்த வேண்டும்.

எங்களிடம் வகுப்பறை புரொஜெக்டர் இருக்கிறது. அதை வைத்துக் கட்டடம் மேல் அடிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3600 லூமன் (பெட்டி தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரப் படம் என்றால் 24 சதுர மீட்டர். சுவரில் 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை லூமன் என்ற கணக்கு) விழும், நன்றாகத் தெரியும். ஆசைப்பட்டு 12-க்கு 8 ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் 37 லக்ஸ்தான். பக்கத்துத் தெருவிளக்கே அந்தச் சுவரில் 10, 15 லக்ஸ் கொட்டிக்கொண்டிருக்கும். படம் சலவை செய்து வெளுத்த மாதிரி தெரியும்.

ஏனென்றால் புரொஜெக்டருக்குக் கறுப்பு அடிக்கத் தெரியாது. படத்தில் கறுப்பு என்பது, வெளிச்சம் விழாத சுவர், அவ்வளவே. சுவர் ஏற்கெனவே வெளிச்சமாக இருந்தால் உங்கள் கறுப்பு சாம்பலாகிவிடும். ஆகவே புது புரொஜெக்டர் வாங்கும் முன் இருட்டு வாங்கப் பாருங்கள். மாநகராட்சி ஆளிடம் பேசி அந்த ஒரு தெருவிளக்கை ஒரு மணி நேரம் அணைக்க முடிந்தால் எத்தனையோ ஆயிரம் ரூபாய் மிச்சம். எதிரே பேக்கரிக்காரரின் எல்.இ.டி. போர்டையும் மறக்காதீர்கள். அவருக்கு நாலு டீ ஆர்டர் கொடுத்தால் அணைத்துவிடுவார்.

தூரமும் பாருங்கள். லென்ஸ் விகிதம் (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் பெட்டி நிற்க வேண்டும் என்ற எண்) 1.5 என்றால் 6 மீட்டர் அகலப் படத்துக்கு 9 மீட்டர் பின்னால் பெட்டி நிற்க வேண்டும். நம் தெருக்களில் அந்த 9 மீட்டர் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் முடியும்.

பாறை மேல் அடிக்கலாமா? மலையில் அருமையாக இருக்குமே.

கேட்க அருமை. சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் என்கிற கரும் பாறை. (ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர். இதைச் சொன்னால் மலை ஏற வந்த யாரும் இரண்டு நிமிஷம் நிற்பார்கள்.) விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். கோட்டுருவம் ஒன்றை, வெள்ளை நிறத்தில் மட்டும், கெட்டியாகப் போட்டால் ஓரளவு தெரியும். முகங்கள், நிழற்படங்கள் தெரியவே தெரியாது.

கீழே வந்தால் நேர்மாறு. சுண்ணாம்படித்த சுவர், மங்கலான வெள்ளை, பளபளப்பு இல்லாதது. அதைவிட நல்ல திரை கிடையாது. டிஸ்டெம்பர் பரவாயில்லை. பளபளக்கும் எமல்ஷன் அடித்த சுவரில் லைட் முகத்தில் அடிக்கும். கல்லிலோ பழைய சுதையிலோ ஆணி, ஒட்டுநாடா, வெள்ளைப் பூச்சு எதுவும் கூடாது. திரை தேவை என்றால் தனியாக மூங்கில் நட்டு வேட்டித் துணியைக் கட்டுங்கள்.

ஏற்காட்டில் பனி இறங்கினால்?

நிறுத்திவிடுவோம். படம் சுவருக்குப் போகாமல் நடு ஆகாயத்திலேயே ஒரு வெள்ளைக் கூம்பாகத் தொங்கும். பார்க்க மயக்கமாக இருக்கும், ஆனால் கதை போய்விடும். லென்ஸில் ஈரம் படியும், பெட்டியைத் திடீரென்று அணைத்தால் உள்ளேயும் படியும். ஒரு தடவை பனி பாதியில் இறங்கியபோது படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கடைசி வரை ஓட்டினோம். அன்றைக்கு வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று. தெளிவான ராத்திரிகளில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே சற்று வெப்பமாக இருக்கும்போது ஒலி மேலே போகாமல் கீழே வளைந்து பள்ளத்தாக்கு முழுக்கப் பரவும். பகலில் கேட்காத கோவில் பாட்டு ராத்திரியில் அடுத்த ஊருக்குத் தெளிவாகக் கேட்பது அதனால்தான். மாலை ஐந்து மணிக்குப் பார்த்து வைத்த அளவை எட்டு மணிக்கு அப்படியே விடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி யாராவது தூங்க முயன்றுகொண்டிருப்பார்கள்.

மலைவாழ் மக்களின் கதையை நாங்கள் சொல்லலாமா?

'நாங்கள்' யார் என்பதைப் பொறுத்தது. ஏற்காடு என்றாலே பலர் 1820-களிலிருந்து தொடங்குகிறார்கள்: கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்தார், வெள்ளைக்காரர் பங்களா கட்டினார், குளிர்ந்த காற்று வீசியது. அதற்கு முன்னால் மலை காலியாகவா கிடந்தது?

மலையாளிகள் (கேரளக்காரர்கள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் இங்கே வழங்கும் பெயர்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று சொல்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர், ஆளுக்கொரு மலை. யார் எந்த மலைக்குப் போனார், ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். வரலாற்றாசிரியர் ஒருவர் என்றால் இதில் எது சரி என்று தேடுவார். எங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை, எட்டு ஸ்பீக்கர் இருக்கிறதே! ஒரு மூலையில் ஒருவர் ஒரு விதமாகச் சொல்ல, எதிர் மூலையிலிருந்து இன்னொருவர், "அப்படி இல்லீங்க, எங்க தாத்தா சொன்னது வேற" என்று மறுக்கிறார். பார்வையாளர்கள் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். புத்தகத்தில் அடிக்குறிப்பாகப் போய்விடும் சண்டை இங்கே கதையின் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. சுற்றொலியால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான், சுழன்றடிக்கும் புயலோ பறக்கும் கருடனோ இல்லை.

நடைமுறையில் மூன்று விஷயம். பேசியவர்களுக்குப் பதிவின் நகல் முதலில் போக வேண்டும். முதல் காட்சி அந்த ஊரிலேயே நடக்க வேண்டும், விடுதியில் அல்ல. எதை எடுக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் எடுக்க வேண்டும். சேர்வராயன் கோவில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்ற நம்பிக்கையைப் பற்றி அருமையான பகுதி ஒன்று செய்திருந்தோம். குகைக்குள் நடக்கிற மாதிரி படம் காட்டாதீர்கள் என்றார்கள். எடுத்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் வாசல் மட்டும் தெரியும், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும், அவ்வளவே. உண்மையைச் சொன்னால் முன்பைவிட நன்றாக இருக்கிறது.

துக்கமான வரலாற்றை இப்படிக் காட்டலாமா?

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதை எடுக்கலாமா என்று எங்களுக்குள் வெகுநாள் பேசினோம். எங்கள் பையன் ஒருவன் துப்பாக்கிச் சத்தத்தைச் சுற்றிலும் வைத்து ஒரு மாதிரி செய்து காட்டினான். கேட்ட நால்வரும் எழுந்து வெளியே போய்விட்டோம். பயமுறுத்துவது கஷ்டமே இல்லை, நல்ல பாக்ஸ் இருந்தால் யாரும் செய்யலாம்.

இப்போது வைத்திருக்கும் வடிவில் குண்டுச் சத்தம் கிடையாது. இருட்டில் ஒரு குரல் பெயர்களைப் படிக்கும். ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு ஸ்பீக்கரிலிருந்து வரும், உங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆள் 'உள்ளேன்' சொல்லப்போகிற மாதிரி. சொல்ல மாட்டார்கள். அடுத்த பெயர். அது மூன்று நிமிஷம்கூட இல்லை. அதற்கு மட்டும் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே அறிவித்துவிடுவோம்.

பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் படக் காட்சிகளைப் போடலாமா?

சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமை, வெளியான வருஷத்துக்குப் பின் 60 ஆண்டு. ஆகவே 1938 படத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்து என்ன பயன்? அந்த முதல் மலையாளப் பேசும்படத்தின் பிரதியே இன்று இல்லை. பாட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள்: படத்தின் உரிமை முடிந்தாலும், பாட்டெழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை வரிகளுக்குத் தனி உரிமை இருக்கும். "பழைய பாட்டுதானே அண்ணா, யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்கிற விழாக் கமிட்டிக்காரர்களுக்கு நாங்கள் பாட்டே போடுவதில்லை.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் பழைய போட்டோவைப் பேச வைக்கலாமே?

வைக்கலாம். நாங்கள் வைப்பதில்லை. தாத்தா படத்தின் வாய் அசைவதைப் பார்த்து ஜனங்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள், அப்புறம் அவர் சொன்னது எதையுமே நம்ப மாட்டார்கள். இன்னொரு காரணம், அந்த இயந்திரக் குரல்களுக்கு இன்னும் சேலத்துப் பேச்சு வரவில்லை. எல்லாரும் செய்தி வாசிக்கிறார்கள்.

படத்தில் கீறலைச் சரிசெய்வது, பதிவில் இரைச்சலைக் குறைப்பது போன்றவற்றுக்குப் பயன்படுத்துகிறோம். இரைச்சலையும் முழுக்க எடுப்பதில்லை, பின்னால் கேட்கும் சேவல் போய்விடும்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு விதிகளின் அளவு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் எதையும் கட்ட முடியாது, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கம்பம் நடுவதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. கோவில் என்றால் அறநிலையத் துறை, மலையில் காட்டுப் பகுதி என்றால் வனத்துறை. வனத்துறை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ராத்திரியில் காட்டுக்கு வெளிச்சம் தேவையில்லை.

எவ்வளவு செலவாகும்?

இடத்தைப் பார்க்காமல் சொன்னால் அது பொய். பணம் எங்கே போகும் என்று மட்டும் சொல்கிறேன். வாடகைப் புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் பெரிய துண்டு. அதைவிடப் பெரிய துண்டு, யாருமே கணக்கில் எழுதாதது, ஆட்களிடம் போய் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யும் வாரங்கள். காசு குறைவு என்று விழாக் கமிட்டி வெட்டுவது முதலில் அதைத்தான். கடைசியில் விலை உயர்ந்த பெட்டியில் விக்கிப்பீடியாவைப் படித்துக் காட்டுகிற காட்சி ஒன்று கிடைக்கும்.

ஜெனரேட்டரைச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். எங்கள் முதல் காட்சியில் அது திரைக்குப் பக்கத்திலேயே நின்றது. கொலுசுப் பட்டறையின் அந்தச் சன்னமான தட்டல் ஒன்றுகூட யாருக்கும் கேட்கவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது.

பள்ளியில் பிள்ளைகளை வைத்துக் குறைந்த செலவில் செய்ய வழி உண்டா?

உண்டு. எனக்கு அதுதான் பிடித்த வடிவமும். ஒரு வகுப்பறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வகுப்பறை புரொஜெக்டர், நான்கு சாதாரண ஸ்பீக்கர், நான்கு தடங்களையும் தனித்தனியாக வெளியே அனுப்பும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். அது இல்லையென்றால் இரண்டு போனை, போனுக்கு இரண்டு ஸ்பீக்கர் வீதம், புளூடூத் இல்லாமல் கம்பியில் இணைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒன்றாக அழுத்துங்கள். கொஞ்சம் முன்பின் போகும், பரவாயில்லை.

பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து அனுப்பாதீர்கள். "உங்க வீட்டில் இப்போது கேட்காத ஒரு சத்தம் எது?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அது ஒன்றே போதும். உரல் என்பார்கள், தறி என்பார்கள், டூரிங் டாக்கீஸில் படம் தொடங்குமுன் போடும் சாமிப் பாட்டு என்பார்கள். ஒரு பையன், "எங்க ஆத்தா சங்கு சத்தம்னு சொல்லுச்சு சார், மில்லு சங்கு" என்று வந்தான். மில் மூடிய பிறகு ஊரில் யாருக்கும் மணி தெரியவில்லையாம்.

பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள் வரலாமா?

பார்வையில்லாதவர்கள் முன்னாலேயே சொன்னால் நான்கு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் இடம் வைப்போம், அந்த இடத்தில்தான் ஒலி மிகச் சரியாக இருக்கும். காது கேளாதவர்களுக்குப் படத்திலேயே எழுத்து ஓடும். மரப்பலகை மேல் உட்கார வைத்தால் தறியின் அச்சு அடிப்பது உடம்பில் தெரியும்.

காட்சி எவ்வளவு நேரம்?

25 நிமிஷம். கொசு அதற்கு மேல் விடாது.

எப்போது வரலாம்? நாங்கள் என்ன கொண்டுவர வேண்டும்?

அமாவாசையை ஒட்டிய நாட்களில் வையுங்கள், நிலா இல்லாமல் இருந்தால் சின்னப் பெட்டியே போதும். ஏற்காடு என்றால் கம்பளி, கீழே என்றால் விசிறி. போனை அணைக்கச் சொல்வது சத்தத்துக்காக இல்லை, அந்தத் திரை வெளிச்சத்துக்காக. அப்புறம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசியம் கூட்டி வாருங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம். நாங்கள் எதையாவது தப்பாக வைத்திருந்தால் அவர்கள்தான் சொல்வார்கள்.